இலவச இயங்குதளத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

ஆவடியிலோ அம்பத்தூரிலோ உள்ள ஒரு கடையில் குறைந்த விலையில் புதிய கைபேசி ஒன்றை வாங்குகிறோம். உறையைப் பிரித்து இயக்கியதும், நாம் கேட்காத செயலிகள் முகப்பில் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் வேண்டாத ஒன்றை அகற்ற முயன்றால், பல வேளைகளில் ‘முடக்கு’ என்கிற வாய்ப்பு மட்டுமே கிடைக்கிறது. ‘நிறுவல் நீக்கு’ என்பது தென்படுவதில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளில் எது இருக்க வேண்டும் என்பதை வாங்கியவர் முடிவுசெய்ய இயலவில்லை. இத்தனைக்கும் அந்தக் கைபேசியை இயக்கும் ஆண்ட்ராய்டு, யாரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருள். திறந்து வைக்கப்பட்ட ஒன்றுக்குள் இந்தப் பூட்டு எப்படி வந்தது?

இரண்டு அடுக்குகள்

ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ் கரு. அது ‘ஜிபிஎல் 2’ என்னும் உரிமத்தின்கீழ் வருகிறது. அதைத் திருத்தி விநியோகிப்பவர் மூல நிரலையும் தர வேண்டும் என்பது அந்த உரிமத்தின் நிபந்தனை. ஆனால், கருவின் மேல் இயங்கும் சாதாரணச் செயலிகளை அது கட்டுப்படுத்தாது. கருவுக்கு மேலே இருக்கும் ஆண்ட்ராய்டின் பெரும்பகுதி ‘அப்பாச்சி 2.0’ உரிமத்தில் வெளியாகிறது. இது இன்னும் தாராளமானது. நிரலை எடுத்து, மாற்றி, தனியுரிம மென்பொருளுடன் சேர்த்து விற்கலாம். மாற்றங்களை வெளியிட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகவே, திறமூல இயங்குதளத்துடன் தனியுரிமச் செயலிகளைச் சேர்த்து விற்பது உரிம மீறல் அல்ல. சிக்கல் அடுத்த அடுக்கில் தொடங்குகிறது.

பிளே ஸ்டோர், கூகுள் மேப்ஸ், யூடியூப், ஜிமெயில் ஆகியவை ஆண்ட்ராய்டின் பகுதிகள் அல்ல. அவை கூகுளின் தனிச் சொத்து. இவற்றுடன் ‘பிளே சர்வீசஸ்’ என்கிற கண்ணுக்குத் தெரியாத மென்பொருளும் இருக்கிறது. அறிவிக்கைகளை அனுப்பவும் இருப்பிடத்தை அறியவும் ஏராளமான செயலிகள் அதையே நம்பியிருக்கின்றன. பிளே ஸ்டோர் இல்லாத கைபேசியை இந்தியச் சந்தையில் விற்பது எளிதல்ல. அதனால், பெயரளவில் இயங்குதளம் இலவசம் என்றாலும், கைபேசி நிறுவனங்கள் கூகுளுடன் ஒப்பந்தம் செய்துகொண்டே ஆக வேண்டியிருந்தது.

அடுப்பும் இணைப்பும்

சமையல் எரிவாயு இணைப்புக்கு விண்ணப்பிக்கச் சென்றவரிடம், “அடுப்பையும் எங்களிடமே வாங்கினால்தான் இணைப்பு” என்று சொல்லப்படும் கதையை நம் வீடுகளில் கேட்டிருப்போம். அடுப்பு நல்லதாகவே இருக்கலாம். ஆனால், இணைப்புக்கு வேறு வழியில்லை என்பதால் அடுப்பும் தலையில் கட்டப்படுகிறது. கூகுள் ஒப்பந்தங்களின் தன்மையும் இதுதான். பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் செயலித் தொகுப்பு முழுவதையும் நிறுவ வேண்டும்; கூகுள் தேடல் பட்டைக்கு முகப்புத் திரையில் இடம் தர வேண்டும் என்றது ஓர் ஒப்பந்தம். ஆண்ட்ராய்டைத் தன் விருப்பப்படி மாற்றி, கூகுள் ஏற்காத வடிவில் எந்தச் சாதனத்தையும் விற்கக் கூடாது என்றது இன்னொன்று. திறமூல உரிமம் கொடுத்த சுதந்திரத்தை இந்த இரண்டாவது ஒப்பந்தம் திரும்ப வாங்கிக்கொண்டது. 2012 செப்டம்பரில் தைவானின் ஏசர் நிறுவனம், அலிபாபாவின் அலியுன் இயங்குதளம் கொண்ட கைபேசியின் அறிமுக விழாவைக் கூகுளின் எதிர்ப்பை அடுத்துக் கடைசி நேரத்தில் ரத்துசெய்தது.

ஆணையம் சொன்னது

இளைஞர்கள் சிலர் 2018இல் அளித்த புகாரை ஏற்று, இந்தியப் போட்டி ஆணையம் (சிசிஐ) 2019 ஏப்ரலில் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. தொகுப்பு முழுவதையும் நிறுவச் சொல்வது போட்டிச் சட்டத்தின் 4ஆவது பிரிவுக்கு எதிரான நியாயமற்ற நிபந்தனை என்றும், பிளே ஸ்டோர் உரிமத்தை மற்ற செயலிகளுடன் பிணைக்கக் கூடாது என்றும் கூறியது. ஐரோப்பிய ஆணையம் இதே போன்ற காரணங்களுக்காக 2018இல் 434 கோடி யூரோ அபராதம் விதித்திருந்தது.

கூகுளின் வாதத்தையும் புறந்தள்ளிவிட முடியாது. தேடலிலும் விளம்பரத்திலும் ஈட்டும் வருமானத்தால்தான் இயங்குதளத்தை இலவசமாகத் தர முடிகிறது. ஆளுக்கொரு விதமாக மாற்றினால் செயலிகள் இயங்காது, பாதுகாப்பும் குலையும் என்கிறது அந்நிறுவனம். ஐரோப்பாவில் பிணைப்பு தளர்த்தப்பட்டதும், செயலிகளுக்குக் கூகுள் உரிமக் கட்டணம் விதிக்கத் தொடங்கியது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் தடை கோரிய கூகுளின் மனுவை 2023 ஜனவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அடுத்த சில நாள்களிலேயே, செயலிகளுக்குத் தனித்தனியாக உரிமம் பெறலாம், தேடல் சேவையைப் பயனரே தேர்ந்தெடுக்கலாம் என்று கூகுள் அறிவித்தது. மார்ச் 29 அன்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. ஆனால், ஆணையத்தின் உத்தரவுகளில் நான்கை நீக்கியது. முன்பே நிறுவப்பட்ட செயலிகளைப் பயனர் நீக்க வழிவிட வேண்டும் என்பது அந்த நான்கில் ஒன்று. அதாவது, கைபேசி நிறுவனத்துக்குக் கிடைத்த உரிமை, அதை வாங்கியவருக்குக் கிடைக்கவில்லை.

திருத்தும் உரிமை போதுமா?

அதே 2023 ஜனவரியில், சென்னை ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த ஒரு நிறுவனம் ‘பார் ஓஎஸ்’ இயங்குதளத்தை அறிமுகம் செய்தது. ஆண்ட்ராய்டின் திறமூல நிரலின் மீது கட்டப்பட்ட இதில், முன்பே நிறுவப்பட்ட செயலிகள் இல்லை என்பதே முக்கிய அம்சமாகச் சொல்லப்பட்டது. நிரல் திறந்திருப்பதால் இத்தகைய முயற்சி சாத்தியமாகிறது. ஆனால், பிளே சர்வீசஸை நம்பி எழுதப்பட்ட செயலிகள் அதன்றி முழுமையாக இயங்காது என்பதால், இத்தகைய இயங்குதளம் பொதுச் சந்தையில் காலூன்றுவது கடினமாகிறது. திருத்தும் உரிமை இருந்தால் மட்டும் போதாது. திருத்தியதை விற்பதற்கான சூழலும் வேண்டும்.

பூந்தமல்லியைக் கடந்து ஸ்ரீபெரும்புதூர் நோக்கிச் செல்லும் ஆலைப் பேருந்துகள், மின்னணுப் பொருள்களைப் பொருத்தும் தொழிலாளர்களைச் சுமந்து செல்கின்றன. அங்கே 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. வரித் தகராறும், நோக்கியாவின் கைபேசிப் பிரிவு மைக்ரோசாஃப்ட்டிடம் கைமாறியதும் அதற்குக் காரணங்களாக இருந்தன. உலகச் சந்தை ஆண்ட்ராய்டின் பக்கம் சாய்ந்ததும் பின்னணியில் இருந்தது. கைபேசியின் உடலை நாம் உருவாக்குகிறோம். அதற்குள் எது ஓட வேண்டும் என்பது வேறெங்கோ எழுதப்படும் ஒப்பந்தங்களில் முடிவாகிறது.

செய்ய வேண்டியவை

ஆண்ட்ராய்டு தொலைக்காட்சி தொடர்பான வழக்கில், 2025 ஏப்ரலில் ரூ.20.24 கோடி செலுத்திக் கூகுள் சமரசம் செய்துகொண்டது. பிளே ஸ்டோரையும் பிளே சர்வீசஸையும் தனியாக, கட்டணத்துக்கு உரிமம் தர அது ஒப்புக்கொண்டது. இது முன்னேற்றம்தான். ஆனால், அந்தக் கட்டணம் நியாயமானதா என்பதை யார் கண்காணிப்பது? கட்டணம் மிகையானால், நிறுவனங்கள் மீண்டும் தொகுப்பையே நாடும். அல்லது குறைந்த விலைக் கைபேசியின் விலை உயரும். வாங்குபவர் ஒருமுறை நினைவகத்தால் விலை கொடுத்தார். இனி பணத்தாலும் கொடுப்பார். கூகுள் விலகும் இடத்தில், கைபேசி நிறுவனங்கள் பணம் பெற்றுக்கொண்டு வேறு செயலிகளைத் திணிப்பதையும் தற்போதைய தீர்ப்புகள் தடுக்கவில்லை.

எனவே, உரிமக் கட்டணமும் நிபந்தனைகளும் ஒளிவுமறைவின்றி இருக்க வேண்டும். இயங்குதளம் செயல்பட அவசியமற்ற எந்தச் செயலியையும், அது யாருடையதாக இருந்தாலும், நீக்கும் உரிமை பயனருக்குச் சட்டத்திலேயே இருக்க வேண்டும். 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டி மசோதா வரைவு, பெரிய நிறுவனங்கள் ஒரு சேவையுடன் இன்னொன்றைப் பிணைப்பதை முன்கூட்டியே தடுக்க முனைகிறது. 2018இல் அளித்த புகாருக்கு 2022இல்தான் உத்தரவு கிடைத்தது. கைபேசி ஒன்றின் ஆயுளே அதற்குள் முடிந்துவிடுகிறது. இந்தத் தாமதத்தைக் கருதியாவது, அந்த வரைவைப் பொதுவிவாதத்துக்கு உட்படுத்தி, பயனரின் உரிமையையும் அதில் சேர்த்து அரசு சட்டமாக்க வேண்டும்.