நர்ஸ் மீது புகாரா? டாக்டரிடம் சொன்னால் மட்டும் போதுமா?

வார்டில் நர்ஸ் மீது வருத்தம் என்றால், ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் “அந்த சிஸ்டர் சரியில்ல சார்” என்று சொல்வதுதான் வழக்கம். அவரும் சிஸ்டரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லலாம். அதோடு விஷயம் முடிந்துபோகும். எழுத்தில் எதுவும் இருக்காது. நர்ஸ் தன் தரப்பைச் சொல்லவும் வாய்ப்பு கிடைக்காது. அப்படியென்றால் யாரிடம் சொல்வது?

டாக்டரிடம் எதைச் சொல்லணும்?

மருந்து மாறிவிட்டது, டோஸ் கூடிவிட்டது, ஊசி போட்டதும் மூச்சுத் திணறுகிறது என்றால் டூட்டி டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். சிகிச்சையைச் சரிசெய்ய வேண்டியவர் அவர்தான். ‘பாவம், சிஸ்டர் மாட்டிக்குவாங்களே’ என்று தயங்கினால் ஆபத்து நோயாளிக்கு. மருந்தின் பெயரையும் கொடுத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காலி மருந்துக்குப்பியைத் தூக்கிப் போட வேண்டாம்.

நர்ஸுக்கு மேலதிகாரி யார்?

சிகிச்சைக்கான உத்தரவு டாக்டருடையது. ஆனால் நர்ஸின் டூட்டி, நடத்தை எல்லாம் வார்டு இன்சார்ஜ், நர்சிங் சூப்பரின்டென்டென்ட் பொறுப்பில் வரும். மரியாதைக் குறைவு, கூப்பிட்டும் வராதது, பணம் கேட்டது போன்ற புகார்களை அவர்களிடம் எழுத்தில் கொடுக்கலாம். தீர்வு இல்லையா? அரசு மருத்துவமனை என்றால் ஆர்.எம்.ஓ., டீன் அல்லது 104 ஹெல்ப்லைன். தனியார் என்றால் மருத்துவமனை நிர்வாகம்.

உரிமத்தில் கைவைப்பது யார்?

டாக்டரால் ஒரு நர்ஸின் பதிவை ரத்து செய்ய முடியாது. தமிழ்நாட்டில் 1926-ம் ஆண்டு சட்டத்தின்படி அந்த அதிகாரம் செவிலியர் கவுன்சிலுக்கு. 2023-ல் வந்த தேசியச் சட்டம் இதை மாநில ஆணையங்களின் பொறுப்பாக்குகிறது.

இழப்பீடு?

காய்ச்சலுக்குச் சேர்க்கப்பட்ட ஒரு சிறுவனுக்கு நர்ஸ் போட்ட ஊசியால் மூளை பாதிக்கப்பட்டது. ‘ஸ்பிரிங் மெடோஸ்’ வழக்கு என்று அறியப்படும் இதில், டாக்டர் பார்த்துச் செய்ய வேண்டிய வேலையை நர்ஸிடம் விட்டதும் தவறாகவே பார்க்கப்பட்டது. மொத்தம் 17.5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை 1998-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. ‘நர்ஸ் செய்தது’ என்று மருத்துவமனை கைகழுவ முடியவில்லை. கட்டணம் வாங்கும் மருத்துவமனை மீது 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

புகாரில் என்ன இருக்கணும்?

- தேதி, நேரம், வார்டு, பெட் நம்பர்
- நடந்தது மட்டும். ‘திமிர் பிடிச்சவங்க’ வேண்டாம். ‘இரவு 2 மணிக்கு மூன்று முறை கூப்பிட்டும் வரவில்லை’ போதும்
- பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்துடன் ஒரு நகல்

சிகிச்சை ஆவணங்களையும் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி.

கோபத்தில் நர்ஸ் மீது கைவைத்தால், மருத்துவப் பணியாளர்களைப் பாதுகாக்கும் 2008-ம் ஆண்டு தமிழ்நாடு சட்டத்தில் வழக்கு உங்கள் மீதே திரும்பும். உங்கள் நியாயமான புகாரும் அதில் அடிபட்டுப் போகும்.