‘மொத்தம்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து?

மயிலாப்பூரில் எமது பங்கு மண்டபத்தில், கல்லூரி இளைஞர் ஒருவர் மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிப்பொறிப் பயிற்சி அளித்து வருகின்றார். சென்ற மாதம் ஒருநாள் அங்கு சென்றபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கண் கலங்கி அமர்ந்திருக்கக் கண்டேன். மதிப்பெண்களைக் கூட்டும் நிரல் ஒன்றை எழுதி, கூட்டுத்தொகைக்கு ‘மொத்தம்’ எனப் பெயரிட்டிருந்தாள். முந்தைய வாரம் பைத்தான் மொழியில் தடையின்றி ஓடிய அதே பெயரை, கோ என்னும் மொழியின் கம்பைலர் ஏற்க மறுத்துவிட்டது. “தமிழ்ல எழுதினா தப்பா, ஃபாதர்?” என்றாள். அன்று என்னிடம் விடையில்லை. பின்னர் அவ்விளைஞரிடம் கேட்டறிந்ததையே இங்கு எழுதுகின்றேன்.

நிரல் எழுதுவோர் ஒவ்வொரு தொகைக்கும் செயலுக்கும் ஒரு பெயர் சூட்டுவர். நெடுங்காலம் அப்பெயர்களில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் அடிக்கோடுமே பெரும்பாலும் இடம்பெற்றன. 1996இல் வெளியான ஜாவா பிறமொழி எழுத்துகளுக்கும் இடமளித்தது; 2008இல் பைத்தானின் மூன்றாம் பதிப்பும் அவ்வாறே செய்தது. சி மொழிக்குரிய ஜிசிசி கம்பைலரிலோ, தமிழை நேரடியாகத் தட்டச்சிட்டுப் பெயரிட 2020 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

2009இல் அறிமுகமான கோ தமிழை முற்றிலும் விலக்கவில்லை. எழுத்து என்பது எது என்பதில்தான் சிக்கல். நம் இலக்கணப்படி மொ, த், த, ம் என நான்கு எழுத்துகள். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோடு முறையிலோ அவை ஏழு குறிகள்: ம, ஒகரக் குறி, த, புள்ளி, த, ம, புள்ளி. இவற்றுள் நான்கை எழுத்தென்றும், மூன்றை ஒட்டுக்குறியென்றும் அது வகுக்கின்றது. கோ ஒட்டுக்குறிகளை ஏற்பதில்லை. ஆதலால் ‘பல’ தேறும், ‘சில’ தேறாது! இந்திக்கும் இதே கதிதான். அம்மொழியை வகுத்தோரே இதனைக் குறையென ஒப்பியிருக்கின்றனர். பைத்தானோ பெயரின் முதலில் எழுத்து நின்றால் போதும், பின்வரும் குறிகளை ஏற்றுக்கொள்கின்றது.

குறிகள் நமக்கு அணிகலன் அல்ல. ஓலைச்சுவடிகளில் புள்ளியின்றி எழுதியதைப் படிப்பவர் இடமறிந்து நிரப்பிக்கொண்டனர். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் பார்த்தவுடன் வேற்றுமை தெரியுமாறு 18ஆம் நூற்றாண்டில் வடிவம் திருத்தியவர் நம் வீரமாமுனிவர். மனிதக் கண்ணே தடுமாறிய இடத்தில் இயந்திரம் என் செய்யும்?

ஏற்றுக்கொண்ட மொழிகளிலும் ஓர் இடர் உண்டு. ‘மொ’வின் ஒகரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைத்தான் இரண்டையும் ஒரே வடிவாக்கிக் கொள்கின்றது. ஜாவா அவ்வாறு செய்யாமல் இரு வேறு பெயர்களாகக் கருதும். இருவர் சேர்ந்து எழுதும் நிரலில் பிழை எங்கே என்று நாள் முழுதும் தேடினாலும் கண்ணுக்குப் புலப்படாது.

அம்மாணவி இப்போது பைத்தானிலேயே தொடர்கின்றாள். சென்னையில் 1999இல் நடந்த மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையையே வகுப்பில் அனைவரும் பயன்படுத்த வேண்டுமென இளைஞர் விதித்துவிட்டார். சென்ற வாரம் அவளது நிரல் ‘மொத்தம்’ 438 என்று காட்டியது. காகிதத்தில் நானும் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன், சரியாகவே இருந்தது.