கோடையில் மீன் எந்த ஆழத்தில்?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் செபேகோ என்றொரு ஏரி இருக்கிறது. பரப்பு சுமார் 120 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 96 மீட்டர். ஜூலை மாத நண்பகலில் வெள்ளைப் பெர்ச் பிடிக்கப் போகிறவருக்கு இவ்வளவு தண்ணீரும் தேவையில்லை. மீன் இருக்கக்கூடிய தண்ணீர் அதில் ஒரு மெல்லிய பட்டைதான். அந்தப் பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் தூண்டில் போட்டால், பொழுது போகும், மீன் வராது.

வெள்ளைப் பெர்ச் பார்வைக்குச் சாதாரண மீன். விரல்களையும் சேர்த்த கையின் நீளம் அல்லது சற்றே பெரியது, 18 முதல் 25 செ.மீ. வரை. முதுகு பச்சை கலந்த சாம்பல், வயிறு வெள்ளி. உடலில் கோடு எதுவும் கிடையாது. கையில் பிடித்து முதுகின் முன்துடுப்பை விரலால் நிமிர்த்திப் பாருங்கள். பின்துடுப்பும் கூடவே எழும். இரண்டையும் ஒரு சவ்வு இணைத்திருப்பதால் இப்படி. நெருங்கிய உறவான வெள்ளை பாஸ் மீனில் இது நடக்காது. இரண்டையும் பிரித்தறிய மீனவர்கள் செய்யும் சோதனை இதுதான். வெள்ளைப் பெர்ச்சின் பூர்வீகம் அட்லாண்டிக் கரையோரத்துக் கழிமுகங்கள். உப்பும் நன்னீரும் கலந்த இடத்தில் வளர்ந்த இனம் என்பதால், எதையும் தாங்கும்.

இனி ஏரிக்கு வருவோம். கோடையில் குளிர்நாட்டு ஏரியில் நீந்தியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும்: மேலே இதமான தண்ணீர், கொஞ்சம் ஆழமாக முங்கினால் திடீரென்று கணுக்காலில் பனிக்கட்டி பட்டதுபோல் ஒரு வெட்டு. வெயில் மேல்தண்ணீரைத்தான் சூடாக்குகிறது. சூடான தண்ணீர் லேசானது. கீழே இறங்காமல் மேலேயே மிதக்கிறது. காற்று கலக்கிவிடும் ஆழம் வரை ஒரே சூடு. அதற்குக் கீழே சில மீட்டருக்குள் வெப்பம் மடமடவென்று சரிகிறது. இந்த இடைப்பட்ட அடுக்குக்கு 'தெர்மோக்ளைன்' என்று 1897-இல் பெயர் வைத்தவர் எட்வர்ட் பர்ஜ். விஸ்கான்சின் மாநிலத்து மெண்டோட்டா ஏரியை ஆண்டுக்கணக்காக அளந்தவர் அவர். மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸாவது குறைய வேண்டும் என்பது அவர் வைத்த கணக்கு. அதற்கும் கீழே, அடிமட்டம் வரை, குளிர்ந்து கனத்த தண்ணீர்.

சில டிகிரி வித்தியாசம் இப்படியொரு தடுப்பை உண்டாக்குமா? உண்டாக்கும். தண்ணீரின் அடர்த்தி 4 டிகிரியில்தான் மிக அதிகம். 4-லிருந்து 5 டிகிரிக்குப் போகும்போது குறையும் அடர்த்தி மிகச் சொற்பம். 24-லிருந்து 25-க்குப் போகும்போது குறைவது அதைப்போலச் சுமார் 30 மடங்கு. ஆக, ஏரி சூடாக ஆக, அடுக்குகளைக் கலக்குவது காற்றுக்குக் கடினமாகிக்கொண்டே போகிறது. ஜூலை பிறந்துவிட்டால் சாதாரணக் காற்றுக்கு அந்த மூடி அசைந்து கொடுக்காது.

மூடியிட்டதன் விளைவு அடியில் தெரியும். மேலிருந்து செத்து விழும் பாசியும் மிதவை உயிர்களும் அடியில் அழுகுகின்றன. அழுக ஆக்சிஜன் வேண்டும். இருந்த ஆக்சிஜன் செலவாகிறது. மேலிருந்து புதிதாக வர வழியில்லை. செபேகோ போன்ற தெளிந்த, ஆழமான ஏரிகளில் கையிருப்பு நிறைய. கோடை முழுக்கத் தாக்குப்பிடிக்கும். ஊட்டம் மிகுந்த ஏரிகளின் கதை வேறு. ஈரி ஏரியின் நடுப்பகுதியில் கோடைக் கடைசியில் அடித்தண்ணீர் கிட்டத்தட்ட மூச்சுவிட முடியாததாகிவிடுகிறது. அங்கே மீன் எவ்வளவு குளிர்ச்சியை விரும்பினாலும் கீழே போய் உட்கார முடியாது.

வெயிலுக்குப் பயந்து மீன் கீழே போகிறது என்று படகுத்துறையில் எல்லோரும் சொல்வார்கள். சால்மனுக்கும் ட்ரவுட்டுக்கும் அது சரி. வெள்ளைப் பெர்ச்சுக்கு எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. வெதுவெதுப்பான மேல்தண்ணீர் அதற்கு ஒத்துக்கொள்ளும். பகலில் அது கீழே போவதற்குப் பெரிய காரணம் சாப்பாடு. டாஃப்னியா போன்ற கடுகளவு மிதவை உயிர்கள், தம்மைக் கண்ணால் பார்த்துத் தின்னும் மீன்களுக்குத் தப்ப, பகலில் இருட்டான ஆழத்துக்கு இறங்குகின்றன; பொழுது சாய்ந்ததும் பாசி மேய மேலே ஏறுகின்றன. ஸ்மெல்ட் என்ற சிறுமீன் குளிர்ச்சிக்காகத் தெர்மோக்ளைனை ஒட்டியே திரியும். தின்னக் கிடைப்பதெல்லாம் அந்த உயரத்தில் இருக்கும்போது பெர்ச் கூட்டமும் அங்கேதான் இருக்கும். பல மெய்ன் ஏரிகளில் நடுக்கோடையில் அது ஆறு முதல் பத்து மீட்டர் ஆழம். அந்த அடுக்கு ஏரியின் சரிவான தரையைத் தொடும் இடம் இன்னும் நல்லது: சேற்றில் இருக்கும் பூச்சிப் புழுக்களும் அங்கே கிடைக்கும். பொழுது சாய்ந்தால் இரையோடு மீனும் மேலேறி, கரைப்பக்கம் வரும். நண்பகலில் எட்டு மீட்டரில் தேடிய மீன், இருட்டியபின் இடுப்பளவுத் தண்ணீருக்கு மேலே வந்து நீர்ப்பரப்பைக் கலக்கிக்கொண்டிருக்கும்.

இப்போது எல்லாப் படகிலும் சோனார் வந்துவிட்டது. படகின் அடியிலிருந்து ஒலித்துடிப்பு போகிறது. நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர் வேகத்தில் சென்று, பட்டுத் திரும்புகிறது. மீனின் சதையும் தண்ணீரும் ஒலிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். திரையில் மீனைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை. அதே திரையில் தெர்மோக்ளைனும் மங்கலான ஒரு பட்டையாகத் தெரியும். தண்ணீரின் வெப்ப வித்தியாசத்தைவிட அங்கே குவிந்திருக்கும் மிதவை உயிர்களே அந்தப் பட்டைக்கு அதிகம் காரணம். சில ஏரிகளில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. கேயோபோரஸ் என்ற பூச்சியின் புழு, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடல் கொண்டது. ஆக்சிஜன் இல்லாத சேற்றிலும் பகலைக் கழிக்கும். அதன் உடம்பிலும் குட்டிக் காற்றுப்பைகள் உண்டு. மாலையில் கூட்டமாக அவை மேலேறும்போது, மீன்கூட்டமே வருகிறதோ என்று திரை நம்மை நம்பவைக்கும். என்னைக் கேட்டால், கயிற்றில் கட்டி இறக்கும் தெர்மாமீட்டர் மலிவானது, பொய் சொல்லாதது.

அதுவும் நேற்று எடுத்த அளவு இன்றைக்கு உதவாமல் போகலாம். இரண்டு நாள் ஒரே திசையில் பலத்த காற்று அடித்தால், சூடான மேல்தண்ணீர் எதிர்க்கரையில் குவிந்து, அங்கே தெர்மோக்ளைனைக் கீழே அழுத்தும். காற்று வரும் கரையில் அது மேலெழும்பும். காற்று நின்றதும் அந்த அடுக்கு ஊஞ்சல்போல் ஆடத் தொடங்குகிறது. நீர்ப்பரப்பில் இது கண்ணுக்கே தெரியாது. உள்ளே ஏற்ற இறக்கம் பல மீட்டர் இருக்கலாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் இதை அளந்துவிட்டார்கள். நேற்று ஏழு மீட்டரில் கடித்த மீன் இன்று பத்தில் கடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெய்னில் இந்த மீனைப் பாலும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் 'சவுடர்' என்ற சூப்பாக்கி ரசித்துச் சாப்பிடுகிறார்கள். வேறிடங்களில் அதற்கு நல்ல பேர் இல்லை. கால்வாய்கள் வழியே உள்நாட்டுக்குள் புகுந்து, 1950 வாக்கில் ஒன்டாரியோ ஏரிக்கும் 1953-இல் ஈரிக்கும் வந்து சேர்ந்தது. வசந்தத்தில் வால்ஐ மீனின் முட்டைகளைத் தின்கிறது. சின்ன நீர்த்தேக்கங்களில் அளவில்லாமல் பெருகி, தீனி போதாமல் எல்லாமே சின்ன உருவிலேயே நின்றுபோகின்றன. கன்சாஸ் மாநிலத்தில் உயிரோடு வைத்திருப்பதே சட்டப்படி குற்றம்.

இலையுதிர்காலத்தில் மேல்தண்ணீர் ஆற ஆற, அடுக்குகளுக்கு இடையேயான எடை வித்தியாசம் கரைகிறது. பிறகு வரும் ஒரு புயற்காற்று போதும். ஏரி அடிவரை புரண்டு கலந்து, அடிமட்டத்துக்கும் ஆக்சிஜன் போய்ச் சேர்கிறது. அதற்குப்பின் தெர்மாமீட்டரை எவ்வளவு ஆழம் இறக்கினாலும் ஏறக்குறைய ஒரே எண்தான். கோடை முழுக்கக் குறித்துவைத்த ஆழக்கணக்கு இனி அடுத்த ஜூன் வரை பயன்படாது.