மருந்தின் வலிமை ஊருக்குப் பொது

கொள்ளைநோய்க் காலத்து வழக்கம்

சென்னையில் மணலியை அடுத்த சடையங்குப்பம் முதலாக எண்ணூர், இராயபுரம் வரையிலுள்ள உழைப்பாளர் குடும்பங்களுக்கு, ஜுரத்தில் படுப்பதென்றால் அன்றைய கூலியை இழப்பதென்றே பொருள். ஆதலால், மருத்துவரை நாடிக் காத்திருக்க இயலாத ஏழை மக்கள், நாடெங்கும் செய்வதுபோலவே, மருந்துக்கடையில் மூன்று வேளைக்கு மாத்திரை கேட்டு, அட்டையிலிருந்து கத்தரித்துத் தரப்படும் துண்டுகளைச் சிறு காகித உறையில் வாங்கிச் செல்கின்றனர். 2020இல் கொரோனா பரவியபோது இவ்வழக்கம் அளவு கடந்தது. அவ்வாண்டு ஜூன் முதல் செப்டம்பர் வரை, இந்தியாவில் வழக்கத்திற்கு மேல் 21 கோடிக்கும் அதிகமான வேளை ஆன்டிபயாடிக் மருந்துகள் விற்பனையாயின என்றும், அவற்றுள் அசித்ரோமைசின் மட்டும் ஏறத்தாழ 3.8 கோடி என்றும் 2021இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

பயனில்லாத பிரயோகம்

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை அழிக்கும். கொரோனா, ஜலதோஷம் முதலிய வைரஸ் வியாதிகளின் மூலத்தை அது தீண்டாது. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கே பாக்டீரியாத் தொற்றும் இருந்தது. ஆயினும் நால்வரில் மூவருக்கு இம்மருந்துகள் தரப்பட்டன என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் தெரிவித்தது. ஒவ்வொரு முறை மருந்து உட்கொள்ளும்போதும் நம் குடலில் வாழும், மருந்துக்கு அடங்கும் பாக்டீரியாக்கள் மடிய, மருந்தை எதிர்க்கும் சக்தி பெற்றவை எஞ்சிப் பெருகி, அச்சக்தியைப் பிற இனங்களுக்கும் வழங்கி, கழிவுநீர் வழியாகவும் கைகளின் வழியாகவும், மாத்திரையே உண்ணாத அண்டை வீட்டாரையும் சென்றடைகின்றன.

சென்னை விடுத்த எச்சரிக்கை

பாக்டீரியாக்களுக்கு மருந்துகளை எதிர்க்கும் சக்தி தரும் என்டிஎம்-1 என்னும் நொதி பற்றி 2010இல் வெளிவந்து உலகை அதிரச் செய்த ஆய்வுக்கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குமரசாமி கார்த்திகேயன். இவ்வெதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்த, 2012இல் இந்நகரில் கூடிய மருத்துவ வல்லுநர்கள் சென்னைப் பிரகடனத்தை உருவாக்கினர். 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த, மத்திய அரசின் மருந்து விதிகளிலுள்ள எச்-1 அட்டவணை, அதிலடங்கிய மருந்துகளின் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறிக்கும்படி கடைகளைப் பணித்தது; எனினும் அசித்ரோமைசின் அந்த அட்டவணையில் இடம்பெறவில்லை.

பரிகாரம் யாது?

அட்டையில் சிவப்புக் கோடு இருப்பின், மருத்துவரின் சீட்டின்றி அம்மருந்தை உண்ணலாகாது. கத்தரித்த துண்டில் அக்கோடும் பெயரும் காணாமற் போகக்கூடும் என்பதால் கேட்டறிந்தே வாங்க வேண்டும். மருத்துவர் குறித்த நாள்வரை உட்கொள்ளுங்கள். மிஞ்சியதைப் பிறருக்குக் கொடாதீர்கள். ஜுரம் மூன்று நாளைக் கடந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, தாமதியாமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆயினும் கூலியை இழக்க அஞ்சும் ஏழையைக் குறை கூறுவது நியாயமாகாது. வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் திறந்திருக்கும் சுகாதார நிலையம், ஜுரத்தின் காரணத்தை அன்றே அறிவிக்கும் பரிசோதனை, வெள்ளத்திலும் மாசுபடாத குடிநீர் ஆகிய மூன்றையும் அளிப்பது அரசின் கடமை. 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் 12.7 இலட்சம் பேர் மாண்டனர் என்று மதிப்பிடப்பட்டிருக்க, இக்கடமையை அடுத்த கொள்ளைநோய் வரும்வரை ஒத்திப்போடுவதற்கு யாதொரு நியாயமும் இல்லை.