இதயத்தின் கதவுகளும் ஜாதிக்காய்க் கல்லீரலும்

குற்றால அருவியில் விழும் நீர் சிற்றாறாகப் பாய்ந்து தென்காசிச் சீமையின் வயல்களை நனைக்கிறது. விழுந்த நீர் மீண்டும் மலையேறுவதில்லை. நம் உடலில் இரத்தமும் அவ்வாறே ஒரே திசையில் செல்லவேண்டும். அதற்குக் காவல் நிற்பவை இதயத்தின் நான்கு வால்வுகள். நாளொன்றுக்குச் சுமார் ஓர் இலட்சம் முறை இக்கதவுகள் திறந்து மூடுகின்றன.

இதயத் தசை வலுவிழந்தால் இதயம் விரிந்து பெரிதாகிறது. அப்போது வால்வின் இதழ்களில் பழுது இல்லாவிட்டாலும், அவற்றைத் தாங்கும் வளையம் அகன்றுவிடுகிறது. இதழ்கள் ஒன்றோடொன்று சேராமல் இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. கசிந்த இரத்தத்தையும் சேர்த்துத் தள்ளவேண்டியிருப்பதால் இதயம் மேலும் விரிகிறது, கசிவும் மிகுகிறது.

இடப்பக்கம் கசிந்தால் நுரையீரலில் இரத்தம் தேங்கி மூச்சு வாங்கும். வலப்பக்கம் கசிந்தால், கீழ்மடை அடைபட்டு மேல்வயல் மூழ்குவதுபோல, கல்லீரலில் இரத்தம் தேங்கி அது வீங்கும். வலது விலாவின் கீழ் வலி, பசியின்மை, கால் வீக்கம், வயிற்றில் நீர் ஆகியவை தோன்றும். சிலருக்குக் கண்களும் மஞ்சளாகும். நெடுநாள் இரத்தம் தேங்கிய கல்லீரலின் உட்புறம், வெட்டிய ஜாதிக்காய் போலப் புள்ளியும் கோடுமாக இருக்கும். ஆகவே மருத்துவர்கள் அதனை ‘ஜாதிக்காய்க் கல்லீரல்’ என்கின்றனர். குற்றாலக் கடைவீதியில் ஜாதிக்காயைக் கண்டிருக்கும் நமக்கு இப்பெயர் எளிதில் விளங்கும்.

கண் மஞ்சளானால் காமாலை என்றெண்ணிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாள் கடத்துவது நம் வீடுகளில் வழக்கம். மூச்சு வாங்குதலும் கால் வீக்கமும் உடனிருந்தால் நோயின் வேர் இதயத்தில் இருக்கக்கூடும். உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். ‘எக்கோ’ சோதனை கசிவைக் காட்டிவிடும். உப்பைக் குறைத்து, நீர் பிரியும் மாத்திரையும் இதயத்துக்கான மருந்தும் உட்கொண்டால் தேக்கம் குறையும். கல்லீரலும் பெரும்பாலும் தேறும். காலம் தாழ்த்தினால் அதில் தழும்பேறிவிடும்.

தேவைப்படுவோருக்கு வால்வைச் செப்பனிடவோ மாற்றவோ இயலும். மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவான ‘சித்ரா’ வால்வு 1990-ஆம் ஆண்டு முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அயல்நாட்டு வால்வை வாங்க வசதியற்றோருக்கு அது வாழ்வளித்தது.

தோழியரே, 5 முதல் 15 வயது வரையுள்ள நம்மைப் போன்றோருக்குத் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் மூட்டுவாதக் காய்ச்சல் வால்வுகளையே கெடுத்துவிடும். காய்ச்சலோடு தொண்டை வலித்தால் வீட்டில் மறைக்காமல் சொல்லுவோம். பெற்றோரே, மருத்துவர் பெனிசிலின் ஊசியைத் தொடரச் சொன்னால் இடையில் நிறுத்தாதீர்கள். சிறு தொண்டை வலியை அன்றே கவனித்தால், இதயக் கதவுகள் நெடுங்காலம் பழுதின்றி இயங்கும்.