விளியும் விற்பனையும்

தமிழிலே வேற்றுமைகள் எட்டு என்பதை இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் எவரும் மறந்திருக்கமாட்டார். அவற்றுள் இறுதியாகிய விளி வேற்றுமையைப் பரீட்சைக்கு வேண்டிய அளவிற் படித்துவிட்டு அப்பாற் செல்வதே வகுப்பறை வழக்கம். தொல்காப்பியனாரோ சொல்லதிகாரத்தில் விளிமரபு எனத் தனியோர் இயலை வகுத்தார். அழைக்குங்கால் பெயரின் ஈறு எவ்வாறு திரியும், முறைப்பெயர் எவ்வாறு விளியேற்கும், சேய்மையில் நிற்பவரை அழைக்கும்போது ஓசை எவ்வாறு நீளும் என்பனவெல்லாம் அங்கே கூறப்படுகின்றன.

இலக்கணத்துக்கும் கடைத்தெருவுக்கும் யாது தொடர்பு என வினவுவார் இருக்கலாம். தொடர்பு உண்டு. விளியையே முதலாகக் கொண்ட விற்பனை முறையொன்று இன்று உலகெங்கும் பரவி வருகின்றது. வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி அழைத்து, அவர் ஒருவருக்கென்றே பேசுவதாக அமைந்த காணொளிச் செய்தியை அவரது கைத்தொலைபேசிக்கு அனுப்புவதே அம்முறையாகும். வணிகத்தில் ஈடுபட்டிருக்கும் பழைய மாணவருக்கும், வணிகக் கல்வி பயிலும் இன்றைய மாணவருக்கும் அது பயன்படக் கூடுமாதலின் அதன் இயல்பை ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

பெயர் சொல்லி விற்றல் புதியதன்று. பாலையூற்றிலே மோட்டார்ச் சைக்கிளில் மீன்பெட்டியுடன் வரும் வியாபாரி, "அக்கா, இண்டைக்கு நல்ல விளைமீன் இருக்கு" என்று படலையில் நின்று கூப்பிடுகிறார். சென்ற கிழமை அந்த அக்கா விளைமீன் கேட்டதை அவர் நினைவில் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமையிலே மச்சம் புழங்காத வீடு எது என்பதும் அவருக்குத் தெரியும். அன்று அவ்வீட்டு வாசலில் அவருடைய ஹோர்ன் ஒலிப்பதில்லை. புதிய விற்பனை நூல்கள் இதையே பெரிய பெயர்களால் வழங்குகின்றன. அவர் செய்வதைத் தொலைவில் இருப்பவருக்குச் செய்ய முயல்வதே காணொளிச் செய்தி.

இச்செய்திகளை மூவகையாகப் பிரித்துக் காணலாம். முதலாவது, மனிதர் ஒருவர் மற்றொருவருக்கென்றே நேரிற் பதிவு செய்வது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விருந்தினர் விடுதி நடத்துவோரை எண்ணிப் பாருங்கள். எமது கரையிலே சித்திரை வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை கடல் அமைதியாயிருக்கும். வாடைக்காற்றுக் காலத்திலே நிலைமை வேறு. அயல்நாட்டிலிருந்து ஒருவர், "பிள்ளைகளுடன் வருகின்றோம், கடல் எப்படி இருக்கின்றது?" என்று எழுதிக் கேட்கின்றார். விடுதிக்காரர் கைத்தொலைபேசியுடன் வாயிலைக் கடந்து மணலில் இறங்கி, அவர் பெயரைச் சொல்லி, இன்று காலைக் கடல் இதுவெனக் காட்டி அனுப்புகிறார். நாற்பது விநாடி போதும். அச்சிட்ட விளம்பரத்திலுள்ள நீலக்கடல் எந்த ஆண்டின் கடலோ! இதுவோ கேட்டவருக்குக் கேட்ட நாளிலே கிடைத்த விடை. புடைவைக் கடையார் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் சேலையின் தலைப்பை விரித்துக் காட்டுவதும், காணி விற்போர் எல்லைக் கல்லையும் கிணற்றையும் காட்டுவதும் இவ்வகையே. ஊரின் பெயரிலேயே ஊற்றை உடைய எமது பகுதியில் கிணற்று நீரைக் காட்டாமற் காணி விற்பது எளிதன்று.

இரண்டாவது வகை, ஒருமுறை பதிவு செய்த காணொளியைப் பலருக்கும் அனுப்பி, முகப்பில் மாத்திரம் அவரவர் பெயரை எழுத்தாற் பொறிப்பது. அச்சிட்ட கடிதத்தில் பெயருக்கு இடம்விட்டு நிரப்பிய பழைய வழக்கத்தின் வழித்தோன்றல் அது. அதனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

மூன்றாவது வகையே ஆராயத்தக்கது. அதிலே பேசுவது மனிதரின் முகமாயினும் பேசுவிப்பது கணினி. இதனை இந்திய மக்கள் பரவலாக அறிந்தது 2021ஆம் ஆண்டுத் தீபாவளியின்போது எனலாம். கொரோனாவினால் நலிந்திருந்த சிறு கடைகளுக்கு உதவும் நோக்குடன் காட்பரி செலிபிரேஷன்ஸ் இனிப்புப் பெட்டிகளை விற்கும் மொண்டலீஸ் நிறுவனம், ஓகில்வி விளம்பர நிறுவனத்தைக் கொண்டு ஒரு திட்டம் வகுத்தது. கடைக்காரர் ஓர் இணையத்தளத்திலே தமது கடையின் பெயரைக் கொடுத்தால், நடிகர் ஷாருக் கான் அக்கடையின் பெயரைத் தம் வாயாற் சொல்லி அங்கே பொருள் வாங்கும்படி வேண்டும் விளம்பரம் இலவசமாகக் கிடைக்கும். நடிகர் அத்தனை கடைகளின் பெயரையும் சொல்லவில்லை. அவரது இசைவுடன் அவர் குரலின் தன்மையையும் உதட்டசைவையும் கணினி கற்றுக்கொண்டது. பெங்களூரின் ரீஃப்ரேஸ் என்னும் நிறுவனம் அத்தொழில்நுட்பத்தை அமைத்தது. அந்நிறுவனத்தை 2023இலே அடோபி வாங்கிக்கொண்டது.

கணினி இதனைச் செய்யுமாறு வியப்புக்குரியது. காணொளியென்பது விநாடிக்கு 25 அல்லது 30 நிலைப்படங்களின் தொடர். பெயர் சொல்ல இரண்டு விநாடி ஆகுமெனின் 50 அல்லது 60 படங்கள். வேண்டிய பெயரின் ஓசையை முதலில் உண்டாக்கி, பின்னர் அவ்வோசைக்கு ஏற்ப வாயைச் சூழ்ந்த பகுதியைப் படந்தோறும் திருத்தி வரைகின்றது. ஏனைய பகுதி முன்னர்ப் பதிந்தபடியே இருக்கும். கடையின் பெயரைச் சொன்ன இடத்தில் வாடிக்கையாளரின் பெயரைச் சொல்வித்தால் ஆயிரம் பேருக்கு ஆயிரம் செய்தி ஆயத்தம். இந்தியாவில் 2024ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே கட்சிக்காரர் இத்தகைய செய்திகளைப் பயன்படுத்தினர். அவ்வாண்டுத் தை மாதத்திலே, 2018இல் மறைந்த கலைஞர் கருணாநிதி திரையில் தோன்றி ஒரு நூல் வெளியீட்டு விழாவை வாழ்த்திப் பேசியதும் இவ்வகை நுட்பத்தாலேதான்.

இனி, தமிழாசிரியர் என்ற முறையில் எமது செவியை உறுத்தும் ஒன்றைச் சொல்லவேண்டும். கணினிக்குக் கொடுக்கப்படும் பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் ஆங்கில எழுத்திலே உள்ளது. ஆங்கில எழுத்தில் லகரமும் ளகரமும் ஒன்று. ஆகவே தயாளன் 'தயாலன்' ஆகிறார். ழகரத்துக்கு நாம் இடும் ஈரெழுத்தை அக்கருவி வேறோர் ஒலியாகக் கொள்ளுமாயின் யாழினியின் பெயரை அவருடைய தாயாரும் அறியார். தவமணியின் தகரத்தை, ஆங்கிலேயர் நாவைப் பல்லிடைப்படுத்திச் சொல்லும் ஒலியாகவும் அது சொல்லக்கூடும்.

இதனினும் பெரிய இடர்ப்பாடு ஒன்றுண்டு. எம்மவர் தந்தையின் பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் எழுதுவர். முதற்சொல்லே ஆளின் பெயர் என்பது மேனாட்டு வழக்கு. கந்தையாவின் மகன் சிவபாலன் என ஒருவரை வைத்துக்கொள்வோம். வங்கியோ காப்புறுதி நிறுவனமோ அனுப்பும் செய்தியிலே புன்முறுவல் பூத்த முகமொன்று "வணக்கம் கந்தையா!" என்கிறது. கந்தையா இறந்து பத்தாண்டு ஆயிருக்கலாம். மகனுடைய மனநிலை எவ்வாறிருக்கும்? இனி, நீ, நீர், நீங்கள் என்னும் மூன்றையும் வேறுபடுத்தி வழங்கும் நாட்டிலே, அறுபது வயதினரை வெறும் பெயரால் அழைத்து, 'ஐயா' என்னும் ஒரு சொல்லைச் சேர்க்கத் தெரியாத விளியாற் பொருள் விற்குமா என்பதும் ஐயமே.

தொல்காப்பியனார் விளியேலாப் பெயர்களையும் கூறினார். அவன், இவன், உவன் என்னும் சுட்டுப்பெயர்கள் விளி கொள்ளா. (உவன் என்பதும் உது என்பதும் ஏனையோர் மறந்தும் ஈழத்துப் பேச்சில் இன்றும் வாழ்கின்றன என்பது எமக்கு ஒரு சிறு பெருமை.) சுட்டிக் காட்டும் அளவிலே மாத்திரம் நாம் அறிந்த ஒருவரை அழைக்க முடியாது என்பது இவ்விதியால் நமக்குத் தோன்றும் கருத்து. பட்டியலை விலைக்கு வாங்கி அனுப்பும் வணிகர் இதனைத்தான் செய்ய முயல்கின்றனர். மேலும், விளி என்பது மறுமொழியை எதிர்நோக்குவது. படலையில் கூப்பிட்ட மீன் வியாபாரி அக்கா வெளியே வரும்வரை நிற்கிறார். ஆயிரம் பேரை ஒரே காலையில் அழைத்த வணிகருக்கு நூறு பேர் விடையளித்தாற் கேட்பதற்கு யார் இருக்கிறார்? ஆதலின் எம்மிடம் யோசனை கேட்கும் இளைஞருக்கு நாம் சொல்வது, மறுமொழியை அன்றே கேட்டு முடிக்கக்கூடிய தொகையினருக்கு மாத்திரம் அனுப்புக என்பதே. கணினி பேசிய செய்தியாயின் அதனைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுதலும் முறை.

சட்டமும் இதனைக் கருதியுள்ளது. தனிப்பட்டோரின் தரவுகளைப் பாதுகாக்க இலங்கையில் இயற்றப்பட்ட 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் விற்பனைச் செய்திகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. பெறுபவரின் சம்மதத்துடன் அனுப்ப வேண்டும், வேண்டாமென்றால் செலவின்றி நிறுத்திக்கொள்ள வழி வைக்க வேண்டும் என்பன அதன் சாரம்.

வணிகருக்குக் கிடைத்த கருவி வஞ்சகருக்கும் கிடைத்துள்ளது. ஹொங்கொங்கிலே ஆரப் என்னும் பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், காணொளிக் கூட்டமொன்றில் நிதித் தலைவரும் சக ஊழியரும் பேசக் கண்டு, அவர்கள் பணித்தபடி ஏறக்குறைய 20 கோடி ஹொங்கொங் டொலரை அனுப்பிவிட்டார். அம்முகங்கள் அனைத்தும் கணினியின் ஆக்கம் என்பது பின்னரே தெரிந்தது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்திலே இது வெளிவந்தது. கல்லூரிப் பற்று மிக்க எமது முதியோரை நாம் இவ்விடத்தில் நினைக்கின்றோம். ரொறன்ரோவிலோ மெல்பேணிலோ இருக்கும் ஒருவரின் திரையிலே பழைய வகுப்புத் தோழரின் முகம் தோன்றி, பெயர் சொல்லி அழைத்து, நூலகக் கட்டடத்துக்குப் பணம் வேண்டுமென்றால் அவர் மறுப்பாரா? உடனே அனுப்பாது, தாம் முன்னரே அறிந்த இலக்கத்துக்குத் தாமே தொலைபேசி எடுத்துக் கேட்பாராக. எட்டாம் வகுப்பிற் கணித ஆசிரியருக்கு வைத்த பட்டப்பெயர் யாது என்று வினவுவதும் நல்ல சோதனை. அப்பெயர்கள் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. ஆசிரியர்களாகிய எமக்கு அவை தெரியும் என்பது வேறு விடயம்.

பழைய மாணவர் சங்கத்தினருக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அங்கத்தவர் இடாப்பைப் புதுக்கும்போது பெயரைத் தமிழெழுத்தில் எழுதுவதற்கு ஒரு நிரலும், எவ்வாறு அழைக்கப்பட விரும்புகின்றார் என்பதற்கு மற்றொரு நிரலும் சேர்த்துக்கொள்வார்களாக. தொலைபேசி இலக்கங்களை அங்கத்தவரின் எழுத்து மூலமான சம்மதமின்றி எந்த வணிக நிறுவனத்துக்கும் கொடுப்பதில்லை என்ற தீர்மானம் ஒன்றையும் அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிற் செயலாளர் சேர்ப்பாராக.