ஆக்கச் சிந்தனையும் தமிழ் வகுப்பறையும்

ஆக்கச் சிந்தனை என்பது முன்பில்லாத ஒன்றைப் படைப்பது மட்டுமன்று. அறிந்தவற்றைப் புதிய முறையில் இணைத்து, ஒரு சிக்கலுக்குப் பல தீர்வுகளைக் காண்பதும் அதுவேயாம். மனித வளத்தையே பெரிதும் நம்பியுள்ள சிங்கப்பூர் இதனை உணர்ந்து, 1997இல் ‘சிந்திக்கும் பள்ளிகள், கற்கும் தேசம்’ என்னும் கொள்கையை அறிவித்தது. குறைவாகக் கற்பித்து நிறைவாகக் கற்கச் செய்தல் என்னும் கருத்து 2004இல் முன்வைக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டளவில் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகள் முற்றிலும் நீக்கப்பட்டன.

இவ்வாறு கிடைத்த நேரத்தை என் செய்வது என்பதே இன்றைய வினா. மாதிரிக் கட்டுரையை மனனம் செய்து எழுதும் வழக்கம் தொடருமாயின், தேர்வு குறைந்தும் சிந்தனை வளராது. ‘தேக்கா சந்தை’ எனத் தலைப்புக் கொடுப்பதற்கு மாற்றாக, எழுத்தறியாத முதியவர் ஒருவர் அச்சந்தையில் தமக்கு வேண்டிய கடையை எவ்வாறு எளிதில் கண்டறியச் செய்யலாம் என வினவலாம். மாணவர் நேரில் சென்று, கடைக்காரரிடம் தமிழில் உரையாடி, மூன்று தீர்வுகளை எழுதி, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து காரணம் கூறட்டும். 2005ஆம் ஆண்டுத் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு வலியுறுத்திய பேச்சுத்தமிழும் இதனால் வலுப்பெறும்.

பணியிடம் வேண்டுவதும் இத்திறனே. 2015இல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கம் பெரியோர்க்கும் பயிற்சிக்கு வழி வகுத்தது. எனினும், பிழைக்கு அஞ்சிப் பழகிய மனம் பயிற்சியால் மட்டும் மாறிவிடாது. தவறான விடைக்குச் சிவப்பு மையிடுமுன் ‘ஏன் அவ்வாறு எண்ணினாய்?’ எனக் கேட்கும் ஆசிரியரே அம்மாற்றத்தின் தொடக்கமாவார்.